அப்பத்தாவோட பிரஷர் மெஷினும் ஒரு பச்சை லைட்டும்

முதலிலேயே ஒண்ணு சொல்லிடறேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. எங்கேயாவது சந்திப்பிழை இருந்தா எடிட்டர் குழு திருத்தியிருப்பாங்க, திருத்தலைன்னா அவங்களும் இங்கிலீஷ் மீடியம்னு புரிஞ்சுக்கோங்க.

இந்த இதழுக்கு டெக்னிக்கலா ஏதாவது எழுதித் தரச் சொன்னாங்க. பென்சில் பேட்டரி சார்ஜர் பத்தி எழுதுறேன்னு சொன்னதும் சிரிச்சாங்க. எலக்ட்ரிக் கார், ஏஐ சிப்புன்னு எல்லாரும் பெரிய விஷயம் பேசுற நேரத்துல இவன் என்னடா ரிமோட்டுல போடுற கட்டையைப் பத்திப் பேசுறான்னு நினைச்சிருப்பாங்க. ஆனா போன பொங்கல் லீவுல எங்க வீட்டுல நடந்ததுக்குக் காரணம் இந்தச் சின்னச் சாமான்தான்.

எங்க ஊர் காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். அப்பத்தாவுக்கு பிரஷர் உண்டு. நான் செகண்ட் இயர் படிக்கும்போது இன்டர்ன்ஷிப்ல கிடைத்த முதல் காசுல ஒரு பிபி மெஷின் வாங்கிக் கொடுத்தேன். நாலு ஏஏ செல் போடுற மாடல். மாசம் மாசம் கடையில கட்டை வாங்க வேண்டாமேன்னு, கூடவே நாலு ரீசார்ஜபிள் செல்லும் சார்ஜரும் சேர்ந்த ஒரு செட் வாங்கினேன். பெட்டியில கொட்டை எழுத்துல 'ஸ்மார்ட்', 'ஆட்டோ கட்-ஆஃப்' எல்லாம் போட்டிருந்தது. அப்பத்தாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வரிதான். "சிவப்பு எரிஞ்சா ஏறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பச்சை எரிஞ்சா எடுத்து மெஷின்ல போடு அப்பத்தா." ஒன்றரை வருஷம் இதை ஒரு தடவைகூடத் தப்பாம செஞ்சிருக்கு.

போன ஜனவரியில டாக்டர், மாத்திரை அளவை மாத்தணுமான்னு பார்க்க, ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் பிரஷர் பார்த்து எழுதிட்டு வரச் சொல்லியிருக்கார். ஏழு நாள், பதினாலு ரீடிங். நான் லீவுக்குப் போனப்போ அந்த நோட்டைப் பார்த்தேன். பதினாலு இடத்துல அஞ்சு இடம் காலி. கையில பட்டை இறுகும், மோட்டார் சத்தம் வரும், பாதியில ஸ்கிரீன் அணைஞ்சிடும். அப்பத்தா நாலு கட்டையையும் கழற்றி ராத்திரி சார்ஜ்ல போடும். காலையில பச்சை. திரும்பப் போட்டா ஒரு தடவை வேலை செய்யும், அடுத்த தடவை பாதியில நிக்கும்.

"நான்தான்யா எதையாவது மாத்திப் போட்டிருப்பேன். எனக்கென்ன தெரியும் இந்த எழவெல்லாம்" என்றது.

காலி இடம் நிறைய இருந்ததால டாக்டர் இன்னொரு வாரம் எழுதிட்டு வரச் சொல்லிட்டார். மறுபடியும் பஸ், மறுபடியும் டோக்கன், மறுபடியும் அரை நாள் உட்கார்ந்திருக்கணும். மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு அப்பா அதை ரிப்பேர் கடைக்கு வேற கொண்டு போயிருக்கார். கடைக்காரர் புதுக் கட்டை போட்டுப் பார்த்துட்டு, மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு திருப்பிக் கொடுத்துட்டார். நான் கடையில நாலு சாதாரண ஆல்கலைன் செல் வாங்கி மெஷின்ல போட்டுட்டு, பழைய நாலையும் சார்ஜரையும் பையில போட்டு ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்தேன்.

லேபில் மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன். நாலும் 1.28-லிருந்து 1.32 வோல்ட்டுக்குள்ள. எல்லாமே நல்ல செல் மாதிரிதான் தெரிஞ்சது. இங்கேதான் நம்ம ஆளுங்க பாதிப் பேர் ஏமாறுவோம். சும்மா இருக்கிற செல்லோட வோல்ட்டேஜை வச்சு அதோட உடம்பு எப்படி இருக்குன்னு சொல்ல முடியாது. ஒவ்வொண்ணா எடுத்து 2.2 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டேன். மூணு செல் 1.2-க்குப் பக்கத்துல நின்னுச்சு. நாலாவது 1.28-லிருந்து 0.7-க்கு விழுந்துச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க: 0.7-ஐ 2.2-ஆல் வகுத்தா சுமார் 0.32 ஆம்பியர், விழுந்தது 0.58 வோல்ட், ஆக அந்த செல்லுக்குள்ளேயே ஏறக்குறைய 1.8 ஓம் ரெசிஸ்டன்ஸ். நல்ல ஏஏ நிக்கல் செல்லுல அது ஓமில் நூறில் சில பங்குதான் இருக்கும். பிபி மெஷினுல பம்ப் மோட்டார் ஓடும்போது கரண்ட் அதிகமா இழுக்கும். அந்த நேரத்துல இந்த ஒரு செல் படுத்துடும், நாலும் சீரிஸ்ல இருக்கறதால மெஷினே படுத்துடும்.

அதாவது நாலுல ஒண்ணு செத்துப்போச்சு. அது எத்தனை மாசமா சார்ஜருக்குள்ள போய்ப் போய் வந்திருக்கும்னு தெரியலை. ஒவ்வொரு தடவையும் சார்ஜர் பச்சை காட்டியிருக்கு.

அடுத்து சார்ஜரைப் பிரிச்சேன். நாலு ஸ்லாட், ஆனா லைட் ரெண்டுதான். ரெண்டு ரெண்டு செல்லா சீரிஸ்ல கட்டியிருந்தாங்க. பின்னாடி 150 மில்லிஆம்பியர்னு போட்டிருந்தது. போர்டுல செல்லோட வோல்ட்டேஜைப் பார்க்கவோ சூட்டைப் பார்க்கவோ எதுவுமே இல்லை. ஒரு டைமர் மட்டும். பத்து மணி நேரம் ஆச்சா, பச்சை. அவ்வளவுதான் அந்த 'ஸ்மார்ட்'.

இதுல என்ன தப்புன்னு ஒரு நிமிஷம் கணக்குப் போடலாம். செல்லுல 2100 மில்லிஆம்பியர்-மணின்னு போட்டிருக்கு. 150-ஐப் பத்து மணி நேரம் கொடுத்தா உள்ளே போறது 1500. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுல கொடுக்கிறதெல்லாம் தேங்காது, கொஞ்சம் சூடா வீணாகும். அதனாலதான் இந்த வகை செல்லோட கொள்ளளவை அளக்கிற ஐஇசி ஸ்டாண்டர்டுல, பத்துல ஒரு பங்கு கரண்ட்டை 16 மணி நேரம் கொடுக்கணும்னு இருக்கு. பத்து மணி நேரம் இல்லை, பதினாறு. அந்தக் கணக்குப்படி நம்ம செல்லுக்கு இந்த சார்ஜர்ல இருபது மணி நேரத்துக்கு மேல ஆகும். அப்பத்தா ராத்திரி எட்டுக்குப் போட்டு காலையில ஆறுக்கு எடுத்த செல், பச்சை லைட் எரிஞ்சும் பாதி கொஞ்சம் தாண்டித்தான் நிறைஞ்சிருக்கும்.

இதே ஸ்லாட்டுல ரிமோட்டுக்குப் போடுற சின்ன ஏஏஏ செல்லைப் போடுங்க. அது 800 மில்லிஆம்பியர்-மணிதான். அதுக்கும் அதே 150, அதே பத்து மணி நேரம். இப்போ தேவைக்கு மேல போகுது. பெரிய கட்டைக்குப் பாதி சாப்பாடு, சின்னக் கட்டைக்கு அஜீரணம். ரெண்டுக்கும் ஒரே பச்சை லைட்.

இதுல இன்னொரு கூத்து, நம்ம ஊருக்குன்னே உள்ளது. கரண்ட் போயிட்டு வந்தா டைமர் முதல்லேருந்து ஆரம்பிக்கும். எட்டாவது மணி நேரத்துல ஒரு நிமிஷம் கரண்ட் போச்சுன்னா மொத்தம் பதினெட்டு மணி நேரம் ஏறும். பெரிய செல்லுக்கு அது தற்செயலா நல்லது, பாதியில நின்னது நிறையும். சின்ன செல்லுக்கு நல்லதே இல்லை, சூடாகிச் சூடாகியே ஆயுசு குறையும். மாசாந்திரப் பராமரிப்புக்குக் காலையில நிறுத்தி மதியம் விடுறாங்களே, அன்னைக்கு உங்க வீட்டு சார்ஜர்ல என்ன நடக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சதில்லை. மூணரை வருஷம் ட்ரிபிள் ஈ படிச்சவன்.

அந்த நாலாவது செல் ஏன் செத்துச்சுங்கிறதுக்கும் சார்ஜர்தான் பாதிப் பொறுப்பு. ரெண்டு செல்லை சீரிஸ்ல சார்ஜ் பண்ணா ரெண்டுக்கும் ஒரே கரண்ட், ஒரே நேரம். எது காலி, எது பாதின்னு சார்ஜருக்குத் தெரியாது. கொஞ்சம் இளைச்ச செல் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். மெஷின்ல போட்டா அதுதான் முதல்ல காலியாகும். மத்த மூணும் கரண்ட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும், காலியான செல் ரிவர்ஸ்ல போகும், அதாவது அதோட பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாகும். ரெண்டு மூணு தடவை அப்படி ஆனா அது தேறாது. "முழுசாத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்" என்று நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு. இந்தக் காலத்து செல்லை, அதுவும் நாலு சேர்ந்து ஓடுற மெஷினுல, முழுசாத் தீர விடுறதுதான் அதைக் கொல்ற வழி.

சரி, அப்போ எனக்கு என்ன வேணும்?

ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு லைட். இதுதான் முதல் கோரிக்கை, இது ஒண்ணு மட்டும் கிடைச்சாலே பாதிச் சண்டையை நிறுத்திடுவேன். ஒவ்வொரு செல்லையும் தனியா சார்ஜ் பண்ணணும், தனியாப் பார்க்கணும், தனியாச் சொல்லணும். ஜோடி ஜோடியா போடுற சார்ஜர்ல மௌஸுக்குள்ள இருக்கிற ஒத்தை செல்லை எப்படி சார்ஜ் பண்றது? பக்கத்துல துணைக்கு ஏற்கெனவே நிறைஞ்ச ஒண்ணைப் போடணும், அது வீணா வேகும். மூணு செல் போடுற டார்ச்சுக்கும் இதே கதைதான்.

ரெண்டாவது, மூணாவதா ஒரு லைட் நிறம். சிவப்பு ஏறுது, பச்சை நிறைஞ்சது, இது எல்லா சார்ஜர்லயும் இருக்கு. "இந்தக் கட்டை இனிமே ஆகாது, தூக்கிப் போடு" என்று சொல்ல ஒரு அடையாளம் வேணும். மஞ்சளோ, விட்டு விட்டு எரியுறதோ, எதுவோ ஒண்ணு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். நான் ரெசிஸ்டர் வச்சுப் பார்த்ததை சார்ஜரே ஒரு நொடி பார்த்தாப் போதும். கரண்ட்டைப் போட்டு நிறுத்தும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு குதிக்குதுன்னு பார்த்தா செல்லோட உள் ரெசிஸ்டன்ஸ் தெரிஞ்சிடும். இதே சோதனையில, யாராவது தெரியாம சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டாலும் பெரும்பாலும் மாட்டிக்கும், ஏன்னா அதோட ரெசிஸ்டன்ஸும் அதிகம். அந்தச் செல்லை சார்ஜ் பண்ணா ஒழுகும்னு எல்லாரும் சொல்றோம், ஆனா வீட்டுல கண்ணாடி போடாம இருட்டுல மாத்துறவங்களுக்கு எல்லாக் கட்டையும் ஒண்ணுதான். இன்னொண்ணு, சார்ஜர் விக்கிற கம்பெனிகள்ல பல பேர் செல்லும் விக்கிறாங்க. செத்த செல்லைச் செத்துச்சுன்னு சொன்னா அவங்களுக்குத்தானே வியாபாரம்? இதுகூட ஏன் தோணலைன்னு எனக்குப் புரியலை.

மூணாவது, டைமரை நம்பி நிறுத்தாதே, செல்லைப் பார்த்து நிறுத்து. இது புதுசில்லை. நிக்கல் செல் ஏற ஏற அதோட வோல்ட்டேஜ் ஏறும். நிறைஞ்சதும் உச்சிக்குப் போய் சில மில்லிவோல்ட் இறங்கும். நிறைஞ்ச பிறகு கொடுக்கிற கரண்ட் எல்லாம் சூடா மாறுறதால, அந்தச் சூட்டுல வோல்ட்டேஜ் சரியும். இதுக்கு மைனஸ் டெல்டா வின்னு பேர். கூடவே சூடு சட்டுனு ஏற ஆரம்பிக்கும். இந்த ரெண்டையும் பார்த்து நிறுத்தணும். டைமர் கடைசிப் பாதுகாப்புக்கு மட்டும் இருக்கட்டும்.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லணும். 150 மில்லிஆம்பியர் மாதிரி மெதுவா ஏத்தினா அந்தச் சரிவு கண்ணுக்கே தெரியாது. ஏஏ செல்லுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியராவது போகணும். அதே 1 ஆம்பியர் சின்ன செல்லுக்கு அதிகம். அப்போ ரெண்டையும் பிரிச்சு அறியணும். அதுக்கும் வழி இருக்கு: நிறைய சார்ஜர்ல ஏஏஏ செல் உட்கார்ற இடத்துல தகடே தனியா இருக்கும். எந்தத் தகடுல தொடுதுன்னு பார்த்து கரண்ட்டை மாத்திக்கலாம்.

இதெல்லாம் ஆகிற காரியமான்னு பார்க்க, மினி புராஜெக்ட்டா ஒரே ஒரு ஸ்லாட் மட்டும் கட்டிப் பார்த்தேன். ரிச்சி தெருவுல சாமான் வாங்கினேன். எல்எம்317-ஐ 1 ஆம்பியர் கான்ஸ்டன்ட் கரண்ட்டா வச்சேன், 9 வோல்ட் அடாப்டர், ஆர்டுயினோ யூனோ, சூட்டுக்கு ஒரு எல்எம்35. முதல் நாள் பத்தே நிமிஷத்துல 'நிறைஞ்சாச்சு' என்றது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தா எல்எம்317 தோசைக்கல் மாதிரி கொதிக்குது, அதோட ஹீட்சிங்க் பக்கத்துல நான் எல்எம்35-ஐ வச்சிருக்கேன். 9 வோல்ட்டுல 1 ஆம்பியர் விட்டா அந்த ஐசி மட்டும் 6 வாட்டுக்கு மேல தின்னும்னு தேர்வுல எழுதத் தெரிஞ்சவனுக்கு, சென்சரைத் தள்ளி வைக்கத் தெரியலை.

அடுத்த பிரச்சனை அளவு. யூனோவுல 10 பிட் ஏடிசி. 5 வோல்ட் ரெஃபரன்ஸ் வச்சா ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். நாம தேடுற சரிவே அஞ்சு பத்து மில்லிவோல்ட். தராசுல கிலோப் படிக்கல்லை மட்டும் வச்சுக்கிட்டு ஏலக்காய் நிறுக்கிற கதை. உள்ளேயே இருக்கிற 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்கு மாத்தி, செல் வோல்ட்டேஜைப் பாதியாக்கிக் கொடுத்ததும் ஒரு படி 2.1 மில்லிவோல்ட் ஆச்சு. அறுபத்துநாலு தடவை படிச்சு சராசரி எடுத்தேன். மூணாவது நாள் அந்தச் சின்னச் சரிவை என் கண்ணால கிராஃப்ல பார்த்தேன். ராத்திரி ஒண்ணரை மணி, ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன். அவன் என்னைத் திட்டினது இந்த இதழ்ல போட முடியாது.

நான் சொல்ல வர்றது, இது ராக்கெட் விடுற வேலை இல்லை. ஏற்கெனவே செய்து விக்கிறாங்க. மஹா எம்எச்-சி9000, ஓபஸ் பிடி-சி3100 மாதிரி சார்ஜர்கள்ல நாலு ஸ்லாட்டும் தனித்தனி, எவ்வளவு ஏறிச்சு, எவ்வளவு இறங்கிச்சு, எல்லாம் ஸ்கிரீன்ல வரும். ஆனா அதெல்லாம் கேமரா வச்சிருக்கிறவங்களுக்கும் நம்ம மாதிரி பைத்தியங்களுக்கும் செய்தது. நாலு பட்டன், அஞ்சு மோடு, இங்கிலீஷ் எழுத்து. விலையும் அப்படி. அப்பத்தாவுக்கு மில்லிஆம்பியர் வேண்டாம். இந்தக் கட்டை நல்லதா கெட்டதா, அது போதும். அந்த விலை உயர்ந்த சார்ஜரோட மூளையை எடுத்து, இந்த ரெண்டு லைட் சார்ஜரோட முகத்துல வைக்கணும். இதை ஏன் யாரும் மலிவா செய்யலைங்கிறதுதான் என் கேள்வி. தெர்மிஸ்டர் பத்து ரூபாய்க்குள்ள கிடைக்குது.

இன்னும் சில சில்லறைக் கோரிக்கைகள். முழுக்க இறங்கிப்போன செல்லைப் போட்டா சில நல்ல சார்ஜர்கள் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது, செல் இல்லைன்னு நினைச்சுக்கும். கொஞ்ச நேரம் சின்ன கரண்ட் கொடுத்துப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும். பிளஸ் மைனஸ் அடையாளத்தைக் கறுப்புப் பிளாஸ்டிக்குல கறுப்பாவே புடைச்சு வைக்கிற ஆளு யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். அங்கே வெள்ளைப் பெயின்ட் ஒரு சொட்டு போதும். நிறைஞ்சதும் பீப் சத்தம் போடணும்னு ஒரு ஜூனியர் யோசனை சொன்னான். வேண்டாம்டா தம்பி, அது ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் நிறையும்.

அப்புறம் யூஎஸ்பி-சி. ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28-லிருந்து புது போன்களுக்கெல்லாம் அதுதான் சட்டம். எல்லார் வீட்லயும் அந்த வயர் இருக்கு, சார்ஜருக்குன்னு தனி அடாப்டர் வேண்டாம். ஆனா சி ஓட்டை வச்சா மட்டும் போதாது. உள்ளே சிசி பின்கள்ல ரெண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்கணும். அதைக்கூட மிச்சம் பிடிக்கிற மலிவுச் சாமான்கள் ரெண்டு பக்கமும் சி இருக்கிற வயர்ல சார்ஜே ஆகாது, பழைய அகல முனை வயர்ல மட்டும் ஆகும். வீட்டுல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? வழக்கம்போல, "நான்தான் சரியாச் சொருகலை போல."

பெட்டியில ஒரு வரியும் வேணும். 'ஆட்டோ கட்-ஆஃப்'னு மட்டும் போட்டா அது டைமரா, செல்லைப் பார்த்து நிறுத்துறதான்னு யாருக்குத் தெரியும்? ஃபேன் பெட்டியில ஸ்டார் லேபிள் ஒட்டுறாங்க. இதுல "நேரம் பார்த்து நிறுத்தும்" அல்லது "செல் நிறைஞ்சதும் நிறுத்தும்"னு தமிழ்லயே ஒரு வரி போடக் கூடாதா? ரீசார்ஜபிள் செல்லுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம், அந்தக் குறி இருக்கான்னு பார்த்து வாங்குறது நல்லதுதான். ஆனா அது பாதுகாப்புக்கான குறி. லைட் உண்மை சொல்லுதாங்கிறதுக்கு எந்தக் குறியும் இல்லை.

இதைப் படிச்சுட்டு ரூம்மேட் கேட்டான்: "ஏன்டா, இப்போதான் யூஎஸ்பி ஓட்டை வச்ச லித்தியம் ஏஏ செல் வருதே, சார்ஜரே வேண்டாமே?" நியாயமான கேள்வி. அந்தச் செல்லுக்குள்ள ஒரு சின்ன கன்வெர்ட்டர் இருக்கு, கடைசி வரைக்கும் 1.5 வோல்ட் கொடுத்துட்டு சட்டுனு அணைஞ்சிடும். பொம்மைக் காருக்கு அருமை. பிபி மெஷின் மாதிரி, வோல்ட்டேஜ் இறங்குறதைப் பார்த்து 'பேட்டரி குறைவு'ன்னு எச்சரிக்கை காட்டுற சாமானுக்கு அந்த எச்சரிக்கையே வராமப் போயிடும். அதைவிட பயமா இருக்கிறது, ஏஏ அளவுலயே இருக்கிற 14500 லித்தியம் செல். அது 3.7 வோல்ட். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதைப் பழைய சார்ஜர்ல யாராவது போட்டுட்டா விபரீதம். வீட்டுல ரெண்டையும் கலந்து வைக்காதீங்க.

இன்னொருத்தன், பிபி மெஷினுக்கு அடாப்டர் வாங்கிக் கொடுத்திருந்தா இந்தக் கதையே இல்லையேன்னான். அது உண்மை. சில மெஷின் மேனுவல்ல ரீசார்ஜபிள் செல் போடாதேன்னே இருக்கும், நான் வாங்கும்போது மேனுவலைப் படிக்கலை. அந்தத் தப்பு என்னோடது. சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும்கூட ரீசார்ஜபிள் தேவையில்லைங்கிறது என் கருத்து. வருஷத்துக்கு ஒரு கட்டை, பத்து இருபது ரூபாய், முடிஞ்சுது. அடிக்கடி தீர்ற சாமானுக்குத்தான் இது.

ஆனா ஒண்ணு. செல் செய்றவங்க முன்னேறிட்டாங்க. ஒரு காலத்துல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லை சார்ஜ் பண்ணி டிராயர்ல போட்டா ஒண்ணு ரெண்டு மாசத்துல தானாவே பாதி இறங்கியிருக்கும். 2005-ல் சான்யோ கம்பெனி எனெலூப் கொண்டு வந்த பிறகு, வருஷக்கணக்குல தாங்குற செல் சாதாரணமாயிடுச்சு. செல் அவ்வளவு தூரம் வந்திருச்சு, எங்க வீட்டு சார்ஜர் அங்கேயே பத்து மணி நேரம் எண்ணிக்கிட்டு நிக்குது.

இப்போ வீட்டுல தனித்தனி லைட் இருக்கிற ஒரு சார்ஜர் இருக்கு. நல்லதுதான், ஆனா கெட்ட செல்லைக் காட்டும்போது சிவப்பே வேகமா மினுக்குது, ஏறும்போதும் சிவப்புதான். அப்பத்தாவுக்கு அந்த வித்தியாசம் இன்னும் பிடிபடலை. அதனால செல் ஒவ்வொண்ணுலயும் மார்க்கரால ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எழுதிக் கொடுத்தேன். எப்பவும் ஒண்ணாவது கட்டை ஒண்ணாவது ஓட்டையில. ஏதாவது சந்தேகம்னா போன் பண்ணி, "மூணாவது கட்டை மினுக்குது ராசா" என்கும். பிரஷர் நோட்டுல போன மாசம் ஒரு இடம்கூடக் காலி இல்லை. செத்துப்போன அந்தப் பழைய செல் இன்னும் என் மேஜையில இருக்கு. 2022 பேட்டரி கழிவு விதிகள்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்க வேண்டியது தயாரிப்பாளர் பொறுப்பு. எங்க ஊர்ல அதைக் கொண்டுபோய்ப் போட ஒரு பெட்டியை இன்னும் நான் பார்க்கலை.

தேர்ட் இயர் மக்களே, மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருந்தா என் ஒத்தை ஸ்லாட் போர்டு மெஷின்ஸ் லேப் பீரோவுல கீழ்த்தட்டுல இருக்கு. கோடும் பென் டிரைவ்ல பக்கத்துலயே வச்சிருக்கேன். நாலு ஸ்லாட் ஆக்கணும், எல்எம்317-ஐத் தூக்கிட்டு பக் கன்வெர்ட்டர் போடணும், மூணாவது நிறத்துக்கு நான் இன்னும் கோடு எழுதலை. லேப் அசிஸ்டன்ட் அண்ணாகிட்ட சொல்லிட்டு எடுத்துக்கோங்க. 2.2 ஓம் ரெசிஸ்டரும் அதே டப்பாவுலதான் இருக்கு, டெஸ்ட் பண்ணி முடிச்ச உடனே கையால தொடாதீங்க, சுடும்.